கால் கூட்டல் பந்து

விசில் சார் விசில் ஊதுவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயர்கள் அப்படித்தான். காரணம் செத்துப்போன பிறகும் கூச்சமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கும்.

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியர். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. பெரிய மைதானம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு முனையில் நின்று கத்தினால் மறுமுனையில் இருக்கிறவன் காது கேட்காததுபோல் நடிக்கலாம், அந்த அளவுக்கு இருந்தது. அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஓடும்போது விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. பிள்ளை எழுந்து மறுபடி ஓடப் போய்விட்டது. அதன் அப்பாதான் எழுந்திருக்கவில்லை. முழங்காலைப் பல கோணங்களில் படம் பிடித்து எல்லாப் பெற்றோர்களுக்கும் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தபோது அது முழங்கால் மாதிரியே இல்லை, நிலநடுக்கம் வந்த இடம் மாதிரி இருந்தது.

தலைமை ஆசிரியை ஒரு குழு அமைத்தார். மைதானத்துக்கு எப்படிப்பட்ட தரை போடுவது என்று முடிவு செய்யும் குழு. புல் போதும் என்று ஒரு கட்சி, ரப்பர் வேண்டும் என்று ஒரு கட்சி, ரப்பரில் விழுந்தாலும் தோல் எரியும், ஆகவே யாரும் விழாத மாதிரி ஒரு தரை வேண்டும் என்று இன்னொரு கட்சி. முடிவு வரும்வரை மைதானத்தைப் பூட்டிவைத்தார்கள். முழங்கால் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, குழு ஆறவில்லை. சும்மா கிடக்கிற இடம்தானே என்று, தெருவில் நின்றுகொண்டிருந்த பள்ளி வேன்களைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மனிதன் கண்டுபிடித்த சொற்களிலேயே ஆயுள் கெட்டியானது 'தற்காலிகம்' என்பதுதான்.

மைதானம் போன பிறகும் கால அட்டவணையில் விளையாட்டுப் பாடவேளை இருந்தது. விசில் சார் அந்த நேரத்தில் பிள்ளைகளை வகுப்பிலேயே கைகட்டி உட்காரவைத்து, தானும் உட்கார்ந்துகொண்டார். விசில் ஊதினால் பக்கத்து வகுப்பில் கணக்கு தப்பாகிறது என்று ஏற்கெனவே தடை. இப்படியே கொஞ்ச நாள் போனபின் தலைமை ஆசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மாள் கெட்டவர் அல்ல. ஒரு விஷயத்தைக் காகிதத்தில் பார்த்தால்தான் அவருக்கு அது உலகத்தில் இருப்பதாக நம்பிக்கை வரும், அவ்வளவுதான். வருடக் கடைசியில் நிர்வாகம் ஒவ்வொரு பதவியாக எடுத்துப் பார்க்கப் போகிறது என்று சொன்னார்.

"விளையாட்டே இல்லாத இடத்துல விளையாட்டு வாத்தியார் எதுக்குன்னு கேட்டா நான் என்ன சார் பதில் சொல்றது? ஏதாவது படிப்போட சேத்துக் காட்டுங்க. அப்பத்தான் உங்களை நான் காப்பாத்த முடியும்."

விசில் சாருக்கு வேறு தொழில் தெரியாது. சின்ன வயதிலிருந்து ஓடியவர், பிறகு மற்றவர்களை ஓடவைத்தவர். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நின்றுகொண்டு, டாக்டர்களின் கையெழுத்தையும் நோயாளிகளின் வாயையும் சமாளித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் யாராவது புலம்பினால் மருந்து கொடுத்துத்தான் பழக்கம். உங்களுக்குத் தெரிந்தது பந்து ஒன்றுதான், அதை வைத்து ஏதாவது பண்ணுங்கள் என்று சீட்டு எழுதாமலே சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மகள் வீட்டுப்பாடத்தோடு அழுதுகொண்டிருந்தாள். அவளும் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இரண்டு சொற்களைச் சேர்த்து ஒரு சொல்லாக எழுத வேண்டும். மரமும் கிளையும் சேர்ந்தால் மரத்தில் இருந்த 'ம்' எங்கே போயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை. காணாமல் போன ஒன்றுக்காக அழுகிற வயது. அப்பாவுக்கும் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் அழுகையை நிறுத்த வேண்டுமே. ஒரு ஊரில் ஒரு கால் வேலைவெட்டி இல்லாமல் இருந்தது, பக்கத்து ஊரில் ஒரு பந்து சும்மா உட்கார்ந்திருந்தது, இரண்டையும் யாரும் மதிக்கவில்லை, ஒருநாள் இரண்டும் வழியில் முட்டிக்கொண்டன என்று ஆரம்பித்தார். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.

அந்த 'அப்புறம்'தான் அவருடைய பிழைப்பைக் காப்பாற்றியது.

யோசித்துப் பார்த்தால் விளையாட்டு உலகம் முழுக்கக் கூட்டுச்சொற்கள். கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து, ஓட்டப்பந்தயம், நீச்சல்குளம். அவர் வாழ்நாள் முழுக்க வாயில் போட்டு மென்ற சொற்கள்தான். அவை இரண்டிரண்டாகப் பிரியும் என்று இப்போதுதான் கவனித்தார். மறுநாள் விளையாட்டுப் பாடவேளையில் மூன்றாம் வகுப்பில் கதையைத் தொடங்கினார். பந்து துணை தேடி வீடு வீடாகப் போயிற்று. கூடை சேர்த்துக்கொண்டது. மேசை சேர்த்துக்கொண்டது. தலையணையிடம் போய்க் கேட்டது. தலையணை சம்மதித்தும் நடுவர் அனுமதிக்கவில்லை, தலையணைப்பந்து என்று ஒரு விளையாட்டே கிடையாது என்றுவிட்டார். பிள்ளைகள் நடுவர்மேல் கோபப்பட்டார்கள். பின் வரிசைப் பையன் ஒருவன், தன் வீட்டில் தினமும் தம்பியோடு தலையணைப்பந்து விளையாடுவதாகச் சாட்சி சொன்னான்.

கைப்பந்தில் ஒரு 'ப்' இருக்கிறது, கால்பந்தில் மட்டும் ஏன் இல்லை என்று ஒரு சிறுமி கேட்டாள். விசில் சார் கொஞ்சமும் தயங்கவில்லை. அந்த 'ப்' போன ஆட்டத்தில் காலில் அடிபட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்றார். வகுப்பே அந்த 'ப்'புக்காகப் பரிதாபப்பட்டது. இது மாடி முழுக்கப் பரவி இலக்கண டீச்சர் காதுக்குப் போயிற்று. அந்த அம்மாள் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும், சரியான வடிவம் காற்பந்து, அங்கே 'ல்' திரிந்து 'ற்' ஆகும், யாரும் அடிபட்டு எங்கேயும் உட்காரவில்லை என்று சொன்னார்.

"அது சரி டீச்சர். ஆனா அப்படிச் சொன்னா பந்து பிள்ளைங்க வாய்க்குள்ளயே மாட்டிக்குதே" என்றார் விசில் சார்.

அன்றிலிருந்து இருவரும் ஒரே தேநீர்ப் பாத்திரத்திலிருந்து ஊற்றிக்கொண்டாலும் ஒரே நேரத்தில் ஊற்றிக்கொள்வதில்லை.

ஆனால் தேர்வு வந்தபோது மூன்றாம் வகுப்பு கூட்டுச்சொல் கேள்விகளை ஊதித் தள்ளிவிட்டது. தலைமை ஆசிரியை அதைக் காகிதத்தில் பார்த்தார், ஆகவே நம்பினார். நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் கதை நேரம் வந்தது. அதற்கு இடம் வேண்டுமே; எல்லா வகுப்புகளின் விளையாட்டுப் பாடவேளையும் அதற்கே போயிற்று. விளையாட்டை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் விளையாட்டைப் பற்றிக் கதை சொல்வதில் உள்ள கோணல் யாருக்கும் உறைக்கவில்லை. விசில் சாருக்கும்தான். பதவி தப்பிக்கிற மாதிரி இருக்கிறபோது மனிதன் நியாயங்களை உரசிப் பார்க்க மாட்டான். அவருடைய கால்கள் நாற்காலிக்குப் பழகின. வயிறு, முன்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தொடங்கியது.

மகளுக்கு வீட்டில் 'கத்திரி' என்று பெயர் வந்தது. கேட்கிற சொல்லையெல்லாம் இரண்டாக வெட்டினாள். விருந்துக்கு வந்திருந்த பெரியப்பா, குழம்பு சூடாக இல்லை என்று எகிறிக்கொண்டிருந்தபோது, இவள் அவர் எதிரில் கைகட்டி நின்று, "முன் கூட்டல் கோபம், முன்கோபம்" என்றாள். பெரியப்பா அதற்கப்புறம் வெகு நாள் வரவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக விசில் சாரின் மனைவி அந்தப் பாடமுறையைப் பாராட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு மனதில் ஏதோ இடறியது. தெருவில் ஆளில்லை. பழைய பந்து ஒன்றைத் தூசி தட்டி மகள் பக்கம் உருட்டினார். அவள் அதைத் தாண்டி வந்து படியில் உட்கார்ந்தாள்.

"கதை சொல்லுங்கப்பா."

"கொஞ்ச நேரம் விளையாடலாமே கண்ணு."

"விளையாடினா வேர்க்கும்ப்பா. கதைதான் நல்லாருக்கு."

அவர் கதை சொன்னார். பந்து உருண்டு சாக்கடை ஓரத்தில் நின்றது.

வருடக் கடைசி நெருங்கியபோது, மூன்றாம் வகுப்பில் மாதிரிப் பாடம் ஒன்றைப் பார்க்கக் கல்வித் துறையிலிருந்து ஒரு அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. இதுதான் பரீட்சை என்று தலைமை ஆசிரியை வெளிப்படையாகவே சொன்னார். அதிகாரிக்குப் பிடித்தால் பதவி நிலைக்கும். பிடிக்காவிட்டால், நிர்வாகத்திடம் பேசத் தன்னிடம் சொல் இல்லை என்றார். விசில் சார் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் சார்ட் பேப்பரில் பந்துகள் வரைந்தார். வகுப்பில் காட்டுவதற்கு உண்மையான கால்பந்து ஒன்று வேண்டும் என்று அலமாரியைத் திறந்து, உள்ளே சுருங்கிக் கிடந்ததை எடுத்துக் காற்றடித்தார். கற்பித்தல் உபகரணம் என்ற பெயரில் ஒரு பந்து மாடியேறி வகுப்புக்குள் நுழைந்தது.

அதிகாரி உயரமான, சிரித்த முகமுள்ள மனிதர். கடைசிப் பாடவேளைக்கு வந்தார். கதை நடந்தது. பிள்ளைகள் கூட்டாகப் பிரித்தார்கள், கூட்டாகச் சேர்த்தார்கள். பின்னால் இலக்கண டீச்சர் சுவரோடு சுவராக நின்று, அடிபட்ட 'ப்' வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். கதை முடிந்ததும் அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. இளமையில் தானும் ஆடியவன் என்று சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த பந்தை எடுத்துத் தரையில் வைத்து, முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமியை நோக்கி மெல்லத் தட்டிவிட்டார். அது கத்திரி.

பந்து நேராக அவள் காலடிக்கு வந்தது. அவள் எழுந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"கால் கூட்டல் பந்து, கால்பந்து."

"கால்பந்து" என்று வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொல்லி, தாளம் தவறாமல் இரண்டு முறை கைதட்டியது.

பந்து அவள் செருப்பில் பட்டு விலகி, பெஞ்சுகளுக்கு இடையில் உருண்டு, திறந்திருந்த கதவு வழியாக வராந்தாவுக்குப் போயிற்று. பிறகு படிக்கட்டில் அது ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தைகூடத் தலையைத் திருப்பவில்லை. எல்லாரும் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அடுத்த சொல் என்ன என்று காத்திருந்தார்கள்.

அதிகாரி நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு கட்டுப்பாட்டை அவர் வேறெங்கும் பார்த்ததில்லையாம். தலைமை ஆசிரியையின் முகத்தில் விளக்கு எரிந்தது. விசில் சாரின் காது மட்டும் அந்தச் சத்தத்தோடு படியிறங்கிப் போயிற்று. பந்து ஒன்று தன்னைக் கடந்து போகிறபோது திரும்பிப் பார்க்காத பிள்ளைகளை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. நோயில் படுத்திருக்கிற பிள்ளைகூடத் தலையைத் தூக்கும். இது தானாக நடந்ததல்ல. ஒரு வருடம் பாடுபட்டு அவரே செய்து முடித்த வேலை.

அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று தாராளமாகக் கேட்டார். மைதானம் என்ற சொல் நாக்கு வரை வந்தது. தலைமை ஆசிரியை பக்கத்தில் நின்றார். விசில் சார் எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினார்.

"கொஞ்சம் சார்ட் பேப்பர் கிடைச்சா நல்லாருக்கும் சார்" என்றார்.

பிறகு பந்தை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பந்து எடுப்பது சாக்கு. அங்கே நிற்க முடியவில்லை.

படியிறங்கிப் பின்பக்கம் போனால், பந்தைக் காணோம். மைதானத்தின் கதவு வேன்கள் கிளம்புவதற்காகத் திறந்திருந்தது. உள்ளே சத்தம். பள்ளி விடுகிற நேரத்துக்காகக் காத்திருந்த ஓட்டுநர்கள் நாலைந்து பேர் இரண்டு வேன்களுக்கு நடுவில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நடுவயது தாண்டியவர்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிக் கோல் எல்லையாக வைத்திருந்தார். மீசை என்று கூப்பிடப்படுகிற மூத்த ஓட்டுநர் உதைத்த பந்து வேன் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. அது கோலா இல்லையா என்று பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

விசில் சாரைப் பார்த்ததும் மீசை சிரித்தார்.

"வாங்க சார், நீங்களே சொல்லுங்க, இது கோலா இல்லையா? இவன் வண்டி ஓட்டுறதுலதான் ஏமாத்துவான்னு நினைச்சேன்."

விசில் சார் கோல் இல்லை என்றார். அப்படியானால் நீங்களே வந்து நில்லுங்கள் என்று மீசை சவால் விட்டார். அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு செருப்புகளுக்கு நடுவில் போய் நின்றார். முதல் பந்து அவர் மூக்கில் வந்து அடித்தது.

மேலே ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் பல தலைகள். தங்கள் விசில் சார், எப்போதும் நாற்காலியில் இருந்தபடியே எல்லா ஆட்டத்திலும் வென்றவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தைக்கும் நல்ல வார்த்தைக்கும் நடுவில் ஏதோ சொல்வதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அடுத்த பந்துக்கு அவர் குறுக்கே பாய்ந்தார். பந்து ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஜன்னலிலிருந்து ஒரு பெரும் சிரிப்பு கிளம்பியது. கூட்டாகச் சிரித்த சிரிப்பல்ல. ஆளுக்கொரு மாதிரி, தாளம் கெட்ட சிரிப்பு. மணி அடித்ததா, அடிக்கவில்லையா என்று தெரியாது. படிகளில் காலடிகள் தடதடத்தன.

முதலில் வந்தவள் கத்திரி. பந்து அவள் பக்கம் உருண்டு வந்தது. குனிந்து இரண்டு கையாலும் எடுத்து, குழந்தையை வைத்திருப்பதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"கையால தொடக் கூடாது பாப்பா" என்றார் மீசை.

அவள் கீழே வைத்தாள். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். சுற்றி நின்ற பிள்ளைகளும் காத்திருந்தார்கள்.

"உதை" என்றார் அவர்.

அவள் உதைத்தாள். பந்து ஒரு முழம் நகர்ந்தது. செருப்பு வேன் கூரைமேல் போய் விழுந்தது. அவள் ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே பந்தைத் துரத்தினாள், அவள் பின்னால் மூன்றாம் வகுப்பு முழுக்க ஓடியது, எந்தப் பக்கம் கோல் என்று ஒருவருக்கும் தெரியாமல்.

அதிகாரியும் தலைமை ஆசிரியையும் கதவருகில் வந்து நின்றிருந்தார்கள். இது என்ன என்று அதிகாரி கேட்டார். தலைமை ஆசிரியை அதற்குள் காகிதத்தில் ஏற்றத்தக்க ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார்: பாடத்தின் செய்முறை விளக்கம். சொல்லிவிட்டு விசில் சாரைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். பதவி கைக்கு வந்துவிடும்.

விசில் சார் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"செய்முறை விளக்கம் இல்ல சார். பிள்ளைங்க விளையாடுறாங்க. நான் விளையாட்டு வாத்தியார். ஒரு வருஷமா இந்த வேலையைத்தான் செய்யாம இருந்தேன்."

அதிகாரி நல்லவர், புரிந்ததுபோல் தலையாட்டினார். அவருடைய அறிக்கையும் நியாயமான அறிக்கைதான். கதைவழிக் கூட்டுச்சொல் பயிற்சி மிகச் சிறந்தது, எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகத்தக்கது. மொழிப்பாடம் என்பதால் அதை மொழியாசிரியரே நடத்துவது முறை. விளையாட்டு ஆசிரியர் ஒரு வருடமாகத் தன் வேலையைச் செய்யவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மைதானம் தற்போது இல்லாததால் அப்பதவியின் தேவை மறுபரிசீலனைக்கு உரியது. ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரி. சேர்த்துப் படித்தால் ஒரு மனிதனின் வேலை போயிருந்தது.

தலைமை ஆசிரியைக்கு மனது கேட்கவில்லை. ஒரு தலையாட்டலில் முடிந்திருக்க வேண்டியதை இப்படிக் கெடுத்துக்கொண்டாரே என்று திட்டிக்கொண்டே, காலியாக இருந்த இன்னொரு இடத்தில் அவரைப் போட்டார். வாகனப் பொறுப்பாளர். எந்த வேன் எங்கே நிற்பது, எப்போது உள்ளே வருவது, எப்போது கிளம்புவது என்று பார்த்துக்கொள்கிற வேலை. சம்பளத்தில் கொஞ்சம் குறைவு. மனைவி கேட்டுவிட்டு, மருந்துக்கடையில் கேட்டால் என்னவென்று சொல்வது என்று மட்டும் கேட்டாள்.

"வண்டி பாத்துக்கறார்னு சொல்லு."

"அதைச் சொல்லித்தான் ஆகணும். ஏன் பாத்துக்கறார்னு கேட்டா என்ன சொல்றது?"

அவர் இன்னும் வீங்கியிருந்த மூக்கைத் தடவிக்கொண்டார். அவளும் வற்புறுத்தவில்லை. மூக்குக்கு ஒரு களிம்பு கொண்டுவந்து வைத்தாள்.

புது வருடத்தில் மாடியில் இலக்கண டீச்சர் கதை சொல்கிறார். அவருடைய கதைகளில் பந்து காற்பந்தாகவே பிறந்து காற்பந்தாகவே வளர்கிறது, யாருக்கும் அடிபடுவதில்லை. பிள்ளைகள் மதிப்பெண் வாங்குகிறார்கள். குழு இன்னும் தரையைப் பற்றிக் கூடிப் பேசுகிறது.

வாகனப் பொறுப்பாளர் தன் முதல் உத்தரவைப் போட்டார். வண்டிகள் முன்னும் பின்னும் நகர்கிற இடத்தில் பிள்ளைகள் ஏறுவது ஆபத்து. ஆகவே வேன்கள் வெளியே தெருவோரமே நிற்க வேண்டும், பிள்ளைகள் பள்ளி விட்டதும் மைதானத்தில் காத்திருந்து, தங்கள் வண்டியைக் கூப்பிடும்போது போய் ஏற வேண்டும். பாதுகாப்பு என்ற சொல் அதில் மூன்று இடத்தில் இருந்ததால் தலைமை ஆசிரியை உடனே கையெழுத்திட்டார். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒன்றும் எழுதவில்லை. அதை நிரப்பச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

முதல் நாள் பாதிப் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்துகொண்டு அவரைக் கதை சொல்லச் சொன்னார்கள். வண்டிகளைக் கூப்பிடுகிற வேலை இருக்கிறது என்று அவர் நகர்ந்துவிட்டார். அவர்கள் கொஞ்ச நேரம் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ஒருவன் இன்னொருவனின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மற்றவர்கள் எழுந்து அவனைத் துரத்தினார்கள். மீசை தன் வண்டி கிளம்பத் தயார் என்று தெருவிலிருந்து ஹாரன் அடித்தார். வாகனப் பொறுப்பாளர் கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.